நான்கு இரவு வியட்நாம்: ஏஜென்டுக்கு முன் உங்கள் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் பெரும்பாலும் மூன்று வேலைகள்தான் நடக்கின்றன. படம் பார்ப்பது, மெயில் பார்ப்பது, பிள்ளைகளின் பள்ளி புராஜெக்ட்டுக்குப் பிரின்ட் எடுப்பது. வெளிநாட்டுக்கு ஒரு சின்னச் சுற்றுலா என்று பேச்சு வந்தால் மட்டும் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு டிராவல் ஏஜென்டுக்குப் போன் போடுகிறோம். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு பக்கத் திட்டத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறோம். ஒரு குடும்பம் பல மாதம் சேர்த்த பணம் அது.

இது சரியில்லை என்பது என் கருத்து. ஏஜென்ட் ஏமாற்றுகிறார் என்பதால் அல்ல. உங்கள் அம்மாவின் முழங்கால் வலி, உங்கள் பையனின் பசி நேரம், உங்கள் லீவு கணக்கு எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியாது. இரண்டு மாலை நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்துவிடும். இப்போது நம் ஊர்க்காரர்கள் அதிகம் விசாரிக்கும் வியட்நாமையே எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

முதல் முடிவு: ஒரே ஊர்

"ஆறு நாளில் முழு வியட்நாம்" என்று விளம்பரம் வரும். ஹனோய், ஹாலோங் வளைகுடா, டா நாங், சைகான் எல்லாம் அதில் இருக்கும். கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து பாருங்கள். வியட்நாம் வடக்கு தெற்காக நீண்ட, ஒல்லியான நாடு. ஹனோய்க்கும் சைகானுக்கும் (இன்றைய ஹோ சி மின் நகரம்) இடையே ரயில் பாதை மட்டும் 1726 கிலோமீட்டர். ரயிலில் போனால் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானத்தில் பறக்கும் நேரம் குறைவுதான். ஆனால் ஹோட்டலைக் காலி செய்வது, விமான நிலையம் போவது, காத்திருப்பது, மறுபடி ஹோட்டலில் சேர்வது என்று ஒவ்வொரு தாவலும் அரை நாளைத் தின்றுவிடும். ஆறு நாளில் இரண்டு தாவல் என்றால் ஒரு முழு நாள் போயிற்று.

அதோடு "5 நாள் 4 இரவு" என்பதையும் பிரித்துப் படியுங்கள். முதல் நாள் மதியம் இறங்கி, ஐந்தாம் நாள் காலை கிளம்பினால் கையில் இருப்பது மூன்று முழு நாட்கள்தான். இந்த மூன்று நாளுக்கு மூன்று நகரம் வேண்டாம். ஒரு நகரத்தில் தங்கி, அங்கிருந்து காலையில் போய் இரவு திரும்பும் தூரத்தில் உள்ள இடங்களைப் பாருங்கள். பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும்.

என்னைக் கேட்டால் இதற்கு ஏற்ற ஊர் டா நாங். நாட்டின் நடுவில், கடற்கரையில் இருக்கிறது. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால் இறங்கிய சிறிது நேரத்தில் ஹோட்டலில் இருக்கலாம். யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ள மூன்று இடங்கள் பக்கத்திலேயே உள்ளன. ஹோய் ஆன் பழைய துறைமுக நகரம் சுமார் 30 கிலோமீட்டர், மீ சோன் கோயில்கள் சுமார் 70 கிலோமீட்டர், ஹுவே அரண்மனை நகரம் சுமார் 100 கிலோமீட்டர். ஹோய் ஆனில் விமான நிலையமும் இல்லை, ரயில் நிலையமும் இல்லை. விமானத்திலோ ரயிலிலோ வருபவர்கள் பெரும்பாலும் டா நாங் வழியாகத்தான் போகிறார்கள்.

எந்த மாதம்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

சர்ச் இன்ஜினில் "வியட்நாம் போகச் சிறந்த மாதம்" என்று தேடினால் அக்டோபர், நவம்பர் என்று பல வெப்சைட்கள் சொல்லும். அது ஹனோய்க்குப் பொருந்தும். டா நாங்குக்குப் பொருந்தாது. நடு வியட்நாமில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அதிலும் அக்டோபர், நவம்பரில்தான் கொட்டித் தீர்க்கும். சென்னைக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம்தான் அங்கும். 2025 அக்டோபர் கடைசி வாரத்தில் ஹுவேயில் 24 மணி நேரத்தில் 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஹோய் ஆன் பழைய நகரத் தெருக்களில் படகு ஓடியது. அந்த ஆண்டு தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

ஆகவே தீபாவளி லீவுக்கு டா நாங் திட்டம் போடாதீர்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை இதமாக இருக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை வெயில் உண்டு, ஆனால் மழைத் தொல்லை குறைவு. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு இது ஒத்துப்போகிறது. ஏப்ரல் 30, மே 1 இரண்டும் அங்கே தேசிய விடுமுறை நாட்கள். உள்ளூர்க் கூட்டம் டா நாங் கடற்கரைக்கு வந்துவிடும், அறை வாடகையும் ஏறும். டெட் எனப்படும் அவர்களின் புத்தாண்டு ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும். அப்போது பல கடைகள் மூடியிருக்கும்.

ஒரு பாடம் இதில் இருக்கிறது. தேடும்போது நாட்டின் பெயரை மட்டும் போடாதீர்கள். ஊர் பெயர், மாதம் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

மேப்பில் தூரம் அல்ல, நேரம் பாருங்கள்

கூகுள் மேப்பில் ஊர் பெயர்களைக் கொடுத்து "டைரக்‌ஷன்ஸ்" கிளிக் செய்தால் தூரமும் நேரமும் வரும். நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். டா நாங்கிலிருந்து மீ சோன் காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். மீ சோனிலிருந்து ஹோய் ஆன் ஒரு மணி நேரம். ஹோய் ஆனிலிருந்து டா நாங் முக்கால் மணி நேரம். மூன்றும் ஒரு முக்கோணம். காலையில் வெயிலுக்கு முன் மீ சோன், மதியம் ஹோய் ஆன், அங்கே இருட்டியதும் விளக்குகள், பிறகு டா நாங் என்று ஒரே நாளில் முடிந்துவிடும். தனித்தனியாகப் போனால் இரண்டு நாள் ஆகும்.

ஹுவே அப்படியல்ல. ஹை வான் மலையைத் தாண்ட வேண்டும். 2005-ல் திறந்த ஆறு கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியாகக் காரில் சுமார் இரண்டு மணி நேரம். ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் ரயில் கடலை ஒட்டி மலையைச் சுற்றிப் போகும், பார்க்க அழகு. போகும்போது ரயில், திரும்பும்போது கார் என்று வைத்துக்கொள்ளலாம். எப்படியும் ஐந்து மணி நேரம் பயணத்திலேயே போகும். ஆகவே ஹுவேயில் 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் அரசர்களின் கோட்டை, அரசர் கல்லறைகளில் ஏதாவது ஒன்று என்று இரண்டோடு நிறுத்துங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 2025 ஜூலை 1 முதல் குவாங் நாம் மாகாணம் டா நாங்குடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஹோய் ஆனும் மீ சோனும் இப்போது அரசு கணக்கில் டா நாங் நகரத்துக்குள் வருகின்றன. ஹோட்டல் புக்கிங் வெப்சைட்டில் முகவரி "டா நாங்" என்று முடிந்தாலும் அந்த ஹோட்டல் ஊரிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். பணம் கட்டும் முன் "மேப்பில் காட்டு" என்பதைக் கிளிக் செய்து, ஹான் ஆற்றுக்கும் மீ கே கடற்கரைக்கும் இடையில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குள் சுற்ற அதுதான் வசதி.

விசா: முகவரியை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

பணத்தைவிடப் பெரிய ஆபத்து இங்கேதான். இந்திய பாஸ்போர்ட்டுக்கு வியட்நாம் விசா தேவை. இ-விசாவுக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழையக் கட்டணம் 25 அமெரிக்க டாலர், பலமுறை நுழைய 50 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்ப வராது.

"வியட்நாம் விசா" என்று தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். அரசு வெப்சைட் போலவே கொடி, சின்னம், படிவம் எல்லாம் இருக்கும். என் அலுவலக நண்பர் ஒருவர் அப்படி ஒன்றில் தலைக்குப் பல மடங்கு கட்டணம் கட்டினார். விசா வந்தது உண்மைதான். ஆனால் அந்த வெப்சைட் செய்தது, அவர் தட்டிய விவரங்களை எடுத்து அரசு வெப்சைட்டில் மறுபடி தட்டியது மட்டுமே. பணத்தோடு பாஸ்போர்ட் விவரமும் யாரிடமோ போய்விட்டது.

இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. பிரவுசரின் மேலே உள்ள முகவரியை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் "ஜிஓவி புள்ளி விஎன்" என்று முடிந்தால்தான் அது வியட்நாம் அரசு. இ-விசாவுக்கான முகவரி "இவிசா.ஜிஓவி.விஎன்". "வியட்நாம்", "கவர்ன்மென்ட்", "விசா" போன்ற சொற்களை முகவரியின் முன்பகுதியில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். முடிவு "டாட் காம்" என்றால் அது தனியார். பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று பூட்டுக்குத் தெரியாது. இந்த ஒரு பழக்கம் விசாவுக்கு மட்டுமல்ல, பேங்க் வேலைக்கும் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்து, தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் "சர்நேம்" கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும். டிக்கெட்டில் ஒரு விதம், விசாவில் ஒரு விதம் என்று தட்டிவிட்டால் விமான நிலைய கவுன்டரில் நிற்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும் அல்லவா? அங்கே அதிகாரியின் மெஷின் படிப்பது அதைத்தான். பெயரின் எழுத்துகள் அதில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே டிக்கெட்டிலும் விசாவிலும் இருக்கட்டும். சர்டிபிகேட்டில் எப்படி, ஆதாரில் எப்படி என்று பார்க்க வேண்டாம்.

விசா பிடிஎஃப் பைலாக வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, நுழையும் தேதி நான்கையும் ஒரு ஆள் படிக்க, இன்னொருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். தலைக்கு இரண்டு பிரின்ட் எடுங்கள். ஒரு காப்பியை உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வேலை நாளில் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. நடுவில் விடுமுறை வந்தால் தள்ளிப்போகும். மூன்று வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதை அதற்கும் முன்பே பாருங்கள்.

எக்செல்லில் ஒரே ஒரு பக்கம்

ஐந்து வரிசை: நாள், இடம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், செலவு. இதற்கு மேல் வேண்டாம். செலவு பத்தியில் டாங் ஒரு கட்டம், ரூபாய் ஒரு கட்டம். 2025 நிலவரப்படி ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். டாங் தொகையை 300-ஆல் வகுக்கும் பார்முலாவை ஒருமுறை எழுதி, மவுஸால் கீழே இழுத்துவிட்டால் எல்லாம் ரூபாயாகிவிடும். ஹோய் ஆன் பழைய நகர நுழைவுச் சீட்டு 1,20,000 டாங் என்றால் பயந்துவிடாதீர்கள், சுமார் 400 ரூபாய்தான்.

இங்கே ஒரு நுட்பம். நாம் காற்புள்ளி வைக்கும் இடத்தில் வியட்நாமியர்கள் முற்றுப்புள்ளி வைப்பார்கள். 120.000 என்பது ஒரு லட்சத்து இருபதாயிரம். இதை வெப்சைட்டிலிருந்து காப்பி செய்து எக்செல்லில் பேஸ்ட் செய்தால், நம் கம்ப்யூட்டர் அதை வெறும் 120 என்று எடுத்துக்கொள்ளும். மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும். எண்ணைக் கையால் தட்டுங்கள். கையில் நோட்டு வந்த பிறகும் கவனம் தேவை. 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டும் நீல நிறம். இருபதாயிரத்தில் இருப்பது ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம்.

போக வேண்டிய இடங்களின் பெயரை வியட்நாம் எழுத்திலேயே காப்பி செய்து நோட்பேடில் சேமியுங்கள். டிரைவரிடம் காட்ட உதவும். பழைய விண்டோஸ் என்றால் சேமிக்கும்போது "என்கோடிங்" என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும். ஒரு காலத்தில் தமிழில் பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று நாம் பட்ட பாட்டையே வியட்நாமியர்களும் தங்கள் எழுத்துக்குப் பட்டார்கள். இரண்டு மொழியையும் கரை சேர்த்தது யூனிகோட்தான்.

சைவக் குடும்பமானால் இந்தச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "சாய்". சைவ உணவு என்று பொருள். ஆங்கில எழுத்தில் சி, ஹெச், ஏ, ஒய் என்று கடைப் பலகையில் இருக்கும். மற்றக் கடைகளில் காய்கறிச் சமையலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். பௌத்தர்கள் பலர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சைவம் சாப்பிடுவதால் அந்த நாட்களில் சைவச் சாப்பாடு இன்னும் எளிதாகக் கிடைக்கும்.

ஏ.ஐ. போட்டுத் தந்த திட்டம்

"சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தருகிறதே" என்பீர்கள். தரும். ஆனால் அதற்குக் கால் வலிக்காது. பகல் 11 மணிக்கு மீ சோன், 2 மணிக்கு பா நா மலை கேபிள் கார், 5 மணிக்கு ஹோய் ஆன் என்று தயங்காமல் எழுதும். மேப்பில் நேரம் பார்த்தவருக்கு இது நடக்காது என்று உடனே தெரியும். அது தருவதை முதல் வரைவாக வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும் நேரம், கட்டணம் இரண்டையும் அந்தந்த இடத்தின் சொந்த வெப்சைட்டில் பாருங்கள்.

வாட்ஸ்அப் வரலாற்றுக்கும் இதே விதி. மீ சோன் சிவன் கோயில்களைச் சோழர் கட்டியது என்று யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம். அவற்றை 4-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வரை கட்டியவர்கள் சம்பா நாட்டு அரசர்கள். 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல கோபுரங்கள் இடிந்தன. 2017-க்குப் பிறகு சில கோயில் தொகுதிகளைப் பழுது பார்த்தது நம் இந்தியத் தொல்லியல் துறை. 2020 மே மாதம் அந்த வேலையின்போது ஒரே கல்லால் ஆன பெரிய லிங்கம் கிடைத்தது. உண்மைக் கதையே போதுமான அளவு நன்றாக இருக்கிறது. டா நாங்கில் 1919-ல் திறந்த சாம் சிற்ப அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு மீ சோன் போனால் அங்கே வெறும் செங்கல்லாகத் தெரியாது.

ஒரு நாளைக் காலியாக விடுங்கள்

நான் போடும் திட்டம் இது. முதல் நாள் மாலை அருங்காட்சியகம் மூடுவதற்குள் ஒரு சுற்று, பிறகு ஹான் ஆற்றங்கரை. சனி, ஞாயிறு என்றால் இரவு 9 மணிக்கு டிராகன் பாலம் நெருப்பு கக்குவதைப் பார்க்கலாம். இரண்டாம் நாள் மீ சோன், ஹோய் ஆன். மூன்றாம் நாள் காலி. நான்காம் நாள் ஹுவே. ஐந்தாம் நாள் ஊர்.

அந்தக் காலி நாள் வீண் என்று நினைக்காதீர்கள். மழை பெய்தால் மற்ற நாளின் வேலை அங்கே நகரும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஓய்வு. ஒன்றும் இல்லாவிட்டால் கடற்கரை இருக்கிறது, ஊரை ஒட்டியே பளிங்கு மலை இருக்கிறது. அங்கே படி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட் உண்டு. நாங்கள் சாப்ட்வேர் எழுதும்போதும் அட்டவணையில் கொஞ்சம் இடைவெளி விடுவோம். விடாத புராஜெக்ட் எதுவும் சொன்ன நாளில் முடிந்ததில்லை.

வயதானவர்கள் உடன் வந்தால் ஹுவேயையும் விட்டுவிடுங்கள் என்பேன். எக்செல்லில் ஒரு வரிசை சேர்ப்பது சுலபம். வீட்டில் எல்லோரும் ஆசைப்பட்டதைச் சேர்த்துக்கொண்டே போவோம். அழிக்கத் தெரிந்தால்தான் அது திட்டம்.

அப்படியானால் ஏஜென்ட் வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. பத்துப் பேர் சேர்ந்து போகிறார்கள், பெரியவர்கள் இருக்கிறார்கள், யாருக்கும் ஆங்கிலம் சரளமில்லை என்றால் நல்ல ஏஜென்ட் பெரிய உதவி. ஏதாவது நடந்தால் போன் எடுக்க ஒரு ஆள் வேண்டும். அதற்குக் கொடுக்கும் பணம் நியாயமான பணம். ஆனால் போகும்போது நான்கு கேள்விகளோடு போங்கள். முழுதாகக் கையில் கிடைக்கும் நாள் எத்தனை? ஹோட்டல் மேப்பில் எங்கே? விசாவுக்கு அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கட்டணம் எவ்வளவு? அந்த மாதம் அந்த ஊரில் மழை எப்படி? நல்ல ஏஜென்ட் நான்குக்கும் நேராகப் பதில் சொல்வார். சொல்லாதவர் யார் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இந்த நான்கு கேள்வியைக் கேட்கும் தெம்பைத் தருவதற்குத்தான் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மேப்பில் டா நாங் என்று தட்டுங்கள். பக்கத்தில் அம்மா அப்பாவையும் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். எதை விடலாம் என்று முதலில் பேசுங்கள். டிக்கெட் பிறகு.